கிளைக்கதையாய் நின்ற மந்தை

முன்னுரை

காப்பியங்களில் முதற்கதை ஒன்றும் கிளைக்கதைகள் பலவும் அமைவது மரபு. முதற்கதை, தலைமக்களின் பிறப்பு, பிரிவு, போர், வெற்றி என்று நடக்கும். கிளைக்கதையோ வழியில் எதிர்ப்படும் யாரோ ஒருவரின் துன்பத்தைச் சொல்லி, அது தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். மணிமேகலையைத் தோய்ந்து கற்றோர்க்குக் கிளைக்கதைகளே சிலவிடங்களில் காப்பியத்தின் உயிராக நிற்பது தெரியும். எனினும் கிளையை வெட்டினால் மரம் சாயாது என்பதே பொதுவான எண்ணம்.

இன்றைய இளைஞர் கணினித் திரையில் ஆடும் மாயக்கதை விளையாட்டுகளிலும் இவ்வமைப்பு அப்படியே இருக்கிறது. அரக்கனை வெல்லப் புறப்பட்ட வீரனை நடுவழியில் ஓர் இடையன் மறிப்பான். தன் ஆடுகள் நோயுற்றுக் கிடப்பதாகச் சொல்லி, மூலிகை கொண்டுவந்து தருமாறு வேண்டுவான். வீரன் உதவினால் சில பொற்காசுகள் கிடைக்கும். உதவாமற் போனாலும் குற்றமில்லை. முதற்கதை தடைப்படாது நடக்கும். நோயுற்ற மந்தை அங்கே ஒரு பக்கப் பயணம். செய்தாலும் செய்யாவிட்டாலும் உலகம் மாறாத ஒரு சிறுபணி.

வரலாற்றில் இக்கணக்குத் தலைகீழாக நின்ற காலம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பிய இடையர்களின் நோயுற்ற மந்தைகளுக்கு உதவச் சென்ற பயணமே, மாந்தரின் கொடுநோய்கள் சிலவற்றைத் தடுக்கும் வழியைத் திறந்தது. அவ்வரலாற்றைக் கூறி, அதன் ஓரத்தில் நின்ற இடையரையும் ஊர் மருத்துவரையும் ஆடுகளையும் நடுவில் நிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஆட்டு நோய்க்கு என்ன வேலை என்று வினவலாம். யாருடைய துன்பம் முதற்கதை, யாருடைய துன்பம் கிளைக்கதை என்று வரிசை வகுப்பவர்கள் புலவர்களும் வரலாற்றாசிரியர்களுமே அல்லரோ?

நம் இலக்கியத்தில் மந்தையின் நோய்

முல்லைத் திணை இடையரின் நிலம். இடைக்காடனார் பாடல்களில் இடையன் தெளிவாகக் காட்சி தருகிறான். சாரல் மழை ஒருபுறம் நனைக்க, கோலை ஊன்றிக் காலை வைத்து, நாவை மடித்துச் சீழ்க்கையடித்து மந்தையைக் காத்து நிற்கும் அவன் உருவம் சங்கப் புலவர் தீட்டிய சிறந்த ஓவியங்களுள் ஒன்று. அவன் சீழ்க்கைக்கு நரி அஞ்சி ஓடும். ஆனால் சீழ்க்கைக்கு அஞ்சாத பகை ஒன்று மந்தைக்குள் புகும்போது அவன் என்ன செய்தான்? முல்லைப் பாடல்களில் இவ்வினா எழுவதில்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வரவை நோக்கியிருக்கும் தலைவியின் உள்ளமே அங்கே முதற்பொருளினும் முதன்மை பெறுகிறது.

புறத்திணையைக் காண்போம். ஆநிரை கவர்தலுக்கு வெட்சியும், மீட்டலுக்குக் கரந்தையும் வகுக்கப்பட்டன. நிரை மீட்கும் போரில் பட்டவனுக்கு நடுகல் எடுத்து, பீலி சூட்டி வழிபட்டனர். கள்வரிடமிருந்து மந்தையை மீட்டவனுக்குத் திணையும் கல்லும் கிடைத்தன. நோயிடமிருந்து மந்தையை மீட்டவனுக்குத் திணையும் இல்லை, கல்லும் இல்லை. மாட்டுவாகடம் என்னும் மருத்துவ நூல்வகை தமிழில் உண்டு. ஆனால் அது தொழில் நூலாகவே கருதப்பட்டு இலக்கிய அவைக்கு வெளியே நின்றுவிட்டது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை ஒரு விதிவிலக்குப் போலத் தோன்றும். குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்களில் நீர் சோர்கிறது. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. மறிகள் துள்ளி ஆடவில்லை. கறவைகள் நடுங்கி நிற்கின்றன. கழுத்து மணிகள் வீழ்கின்றன. மாதரி இவற்றைக் கண்டு கறவையும் கன்றும் துயர் நீங்க வேண்டும் என்று குரவை அயர்விக்கிறாள். கற்போராகிய நாம் என்ன செய்கிறோம்? மதுரை நகர்க்குள் கோவலனுக்கு நேரவிருக்கும் கேட்டின் முன்குறியாக இவற்றைக் கொண்டு மேலே செல்கிறோம். ஆசிரியர் கருத்தும் அதுவே. ஆயினும் மாதரிக்கு அது முன்குறி மட்டுமன்று. அவள் கண்முன் நின்று நடுங்குபவை அவளுடைய கறவைகள். அவளைப் பொறுத்தவரை அதுவே முதற்கதை.

மேலை இலக்கியத்திலும் நிலைமை பெரிதும் இதுவே. ஹோமரின் இலியட் தொடக்கத்தில் அப்போலோ ஏவிய கொள்ளைநோய் கோவேறு கழுதைகளையும் நாய்களையும் முதலில் தாக்கி, பிறகே மாந்தரைத் தாக்குகிறது. விலங்குகளுக்கு அங்கே கிடைப்பது ஓரிரு சொல்லளவு இடமே.

வர்ஜில் கண்ட கொள்ளைநோய்

இந்த மரபை மீறி நின்றவர் உரோமப் பெருங்கவிஞர் வர்ஜில். கி.மு. 29 அளவில் நிறைவுற்ற ஜார்ஜிக்ஸ் என்னும் நூலை அவர் உழவையும் கால்நடையையும் பொருளாகக் கொண்டு பாடினார். அதன் மூன்றாம் பகுதி கால்நடை பற்றியது. ஆல்ப்ஸ் மலையை அடுத்த நோரிக்கம் என்னும் நிலப்பகுதியில் மந்தைகளை அழித்த கொள்ளைநோயைப் பாடி அப்பகுதியை முடிக்கிறார். ஏர் பூட்டிய எருது உழவின் நடுவே சரிகிறது. இணை எருது துயருற்று நிற்க, உழவன் நுகத்தை அவிழ்த்து, கலப்பையைப் பாதிச் சாலில் விட்டு நடக்கிறான். கொடுத்த மருந்தே கேடாகிறது. இறந்தவற்றின் தோலும் கம்பளியும் பயன்படவில்லை. அக்கம்பளியை உடுத்தவர் உடலில் எரியும் கொப்புளங்கள் எழுகின்றன.

கடைசியாகச் சொன்ன இக்குறிப்பை வைத்து, அந்நோய் அடைப்பானாக இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அடைப்பான் மந்தையைக் கொல்லும் நோய். தோலையும் மயிரையும் தொடுவோர்க்கும் தொற்றும். மனித உடலில் அது கரிநிறப் புண்ணாக எழுவதால் கிரேக்கர் கரியைக் குறிக்கும் சொல்லால் அதனை அழைத்தனர். பிரெஞ்சு மொழியிலும் அந்நோயின் பெயர் கரி என்றே பொருள்படும்.

வர்ஜில் பாடியது மருத்துவக் குறிப்பன்று. மந்தையை இழந்தவனின் கையறுநிலை. ஆனால் உடுத்தவனுக்குக் கொப்புளம் எழுந்தது என்னும் செய்தியை அவர் விடாது பதிந்தார். மந்தையின் நோயும் மனிதனின் நோயும் இரண்டல்ல என்பதை, நுண்ணோக்கி பிறப்பதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கவிஞர் எழுதி வைத்திருந்தார். 1880 அளவில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர் திடீரென இறந்துபட்டதற்குக் காரணம் அடைப்பானே என்று மருத்துவர் ஜான் ஹென்றி பெல் எடுத்துக் காட்டினார். கவிஞர் கண்டதை மருத்துவம் மெய்ப்பிக்க அத்துணைக் காலம் ஆயிற்று.

சபிக்கப்பட்ட வயல்கள்

பாரிஸ் நகர்க்குத் தென்மேற்கே, சார்த்ர் நகரைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளிக்குப் போஸ் என்று பெயர். கோதுமைக்கும் செம்மறி மந்தைகளுக்கும் பெயர் பெற்ற நிலம் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு அடைப்பான் ஆண்டுதோறும் வந்தது. காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற ஆடு மந்தையில் பின்தங்கும், தலை தொங்கும், உடல் நடுங்கும், மூச்சு வாங்கும், இரத்தம் கலந்த கழிவு வெளிப்படும். சில மணி நேரத்தில், சிலபோது இடையன் காணும் முன்னரே, அது விழுந்து இறக்கும். அறுத்துப் பார்த்தால் இரத்தம் கறுத்துக் குழம்பாய்க் கிடக்கும், மண்ணீரல் வீங்கியிருக்கும். போஸ் மக்கள் அதனை ‘மண்ணீரல் இரத்தம்’ என்று அழைத்தனர்.

அந்நிலத்து இடையர்க்கும் உழவர்க்கும் ஓர் உண்மை தெரிந்திருந்தது. எல்லா வயலிலும் ஆடு சாவதில்லை. குறிப்பிட்ட சில வயல்களில் மேய்ந்தால் மட்டுமே சாகும். பல ஆண்டுகள் மேய்ச்சல் இன்றிப் போட்டு வைத்துப் பிறகு மேய்த்தாலும் சாகும். அவற்றைச் ‘சபிக்கப்பட்ட வயல்கள்’ என்று பெயரிட்டு விலக்கினர். கற்றோர் இதனை மூடநம்பிக்கை என்று தள்ளியிருக்கலாம். ஆனால் அப்பெயருக்குள் தலைமுறைகளின் கூர்த்த நோக்கு அடங்கியிருந்தது. அவர்கள் தந்த விளக்கம் பிழையே. கண்ட செய்தி பிழையன்று.

1870களின் இறுதியில் இந்நிலத்திற்கு வந்தவர் லூயி பாஸ்டர். அவர் மருத்துவர் அல்லர்; வேதியியலார். அதற்குமுன் பட்டுப்புழுக்களின் நோயை ஆய்ந்து பட்டு வளர்ப்போர்க்கு உதவியவர். சார்த்ர் அருகே ஒரு வயலில் நடந்தபோது ஓரிடத்தில் மண்ணின் நிறம் வேறுபட்டிருப்பதைக் கண்டு, நிலக்கிழாரை வினவினார். அடைப்பானால் இறந்த ஆடுகளை முந்திய ஆண்டு அங்கே புதைத்ததாக விடை வந்தது. குனிந்து நோக்கிய பாஸ்டர், மண்புழுக்கள் வெளித்தள்ளிய சிறுசிறு மண்குவியல்களைக் கண்டார். புதைகுழியிலுள்ள நோய்க்கருக்களை மண்புழுக்கள் மேலே கொணர்கின்றன என்பது அவர் முடிவு. முட்செடிகள் கலந்த தீவனத்தால் ஆட்டின் வாயில் புண் ஏற்பட்டால் நோய் எளிதில் பற்றுவதையும் அவர் சோதித்தறிந்தார். சாபத்திற்கு ஒரு காரணம் கிடைத்தது. அக்காரணத்தைக் காண வேண்டுமானால் எந்த வயல் சபிக்கப்பட்டது என்று சொல்ல ஓர் இடையனோ உழவனோ வேண்டியிருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

சிற்றூர் மருத்துவரும் கால்நடை மருத்துவரும்

பாஸ்டருக்கு முன்னரே இந்நோயின் பின்னால் நடந்தவர்கள் உளர். 1850இல் இரேயே, தவேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், அடைப்பானால் இறந்த ஆட்டின் இரத்தத்தில் நுண்ணிய கோல் வடிவப் பொருள்களைக் கண்டனர். அவையே நோய்க்குக் காரணம் என்று 1863இல் தவேன் வாதிட்டார். ஆனால் கோல்கள் மடிந்த பின்னும் வயல் நச்சாக நீடிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவரிடம் விடையில்லை.

விடை கண்டவர் இராபர்ட் காக். அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்து இன்று போலந்தில் உள்ள வொல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அவர் மாவட்ட மருத்துவர். பல்கலைக்கழகமோ பெரிய ஆய்வகமோ அவருக்கு இல்லை. மாட்டுக் கண்ணின் நீரில் அக்கோல்களை வளர்த்து, நுண்ணோக்கியில் நாள்முழுதும் நோக்கியிருந்தார். கோல்கள் நீண்டு இழையாவதையும், இழைக்குள் மணிமணியாய் விதைகள் உருவாவதையும், அவ்விதைகள் உலர்ந்தும் அழியாது கிடந்து தக்க இடம் கிடைத்ததும் மீண்டும் கோல்களாக முளைப்பதையும் கண்டார். 1876இல் இதனை வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் காரணம் என்பது இவ்வளவு முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அக்காக்கே 1882இல் காசநோயின் நுண்ணுயிரையும் கண்டறிந்து உலகப் புகழ் எய்தினார். அவரைக் காசநோயால் நினைவுகூர்வோர் பலர். அவர் பயணம் ஆட்டு நோயில் தொடங்கியதை நினைப்போர் சிலர்.

நோயின் காரணம் தெரிந்தது. தடுப்பது எவ்வாறு? துலூஸ் நகரக் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஆன்றி துசேன், நோயுற்ற விலங்கின் இரத்தத்தை 55 பாகை வெப்பத்தில் சூடேற்றியும், பின்னர்க் கார்பாலிக் அமிலம் கலந்தும் அதன் கடுமையைத் தணித்து ஆடுகளுக்குச் செலுத்தினார். 1880 சூலையில் அவர் ஆய்வு பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அடைப்பானுக்குத் தடுப்பூசி கண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். பின்னர் நோய்வாய்ப்பட்டு 1890இல், தம் 43ஆம் வயதில் மறைந்தார். புகழ் அவரைத் தேடி வரவில்லை.

புய்யி-லெ-ஃபோர்

பாஸ்டரின் வழி வேறு. நுண்ணுயிர்களை 42 முதல் 43 பாகை வெப்பத்தில், காற்றுப்படுமாறு வளர்த்தால் அவை வலுவிழப்பதாக 1881 பிப்ரவரி 28இல் அறிவித்தார். மெலன் நகரக் கால்நடை மருத்துவர் இப்போலித் ரோசினியோல் இதனை எளிதில் நம்புபவர் அல்லர். நுண்ணுயிர்க் கொள்கையை எள்ளி எழுதியவர் அவர். ஊரறிய, உழவரறிய, திறந்த வெளியில் மெய்ப்பிக்கட்டும் என்று அறைகூவல் விடுத்தார். மெலன் வேளாண்மைக் கழகம் விலங்குகளைத் தர முன்வந்தது. பாஸ்டர் ஏற்றார்.

இடம், புய்யி-லெ-ஃபோர் என்னும் ஊரில் ரோசினியோலுக்கு உரிய பண்ணை. 1881 மே 5ஆம் நாள் 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் 6 மாடுகளுக்கும் வலுக்குறைந்த நோய்க்கருவை ஊசியால் செலுத்தினர். மே 17இல் மீண்டும் ஒருமுறை, சற்றே வலுக்கூடிய கருவைச் செலுத்தினர். மே 31இல், தடுப்பூசி இட்டவற்றுக்கும், இடாது ஒதுக்கி வைத்திருந்த 24 செம்மறிகள், ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கும் கொடிய நோய்க்கரு செலுத்தப்பட்டது. இனி மறைப்பதற்கும் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை.

ஜூன் 2ஆம் நாள் பிற்பகல் உழவர், மருத்துவர், அலுவலர், இதழாளர் எனப் பெருங்கூட்டம் பண்ணையில் கூடியது. லண்டன் டைம்ஸ் இதழின் பாரிஸ் நிருபரும் வந்திருந்தார். தடுப்பூசி இட்ட 24 செம்மறிகளும் வெள்ளாடும் மாடுகளும் நலமாய் நின்றன. இடாதவற்றுள் 21 செம்மறிகளும் வெள்ளாடும் ஏற்கெனவே இறந்து கிடந்தன. மேலும் இரண்டு செம்மறிகள் கூடியிருந்தோர் கண்முன்னே விழுந்து மடிந்தன. எஞ்சிய ஒன்று அன்றைய பொழுது சாயுமுன் இறந்தது. ஊசி பெறாத மாடுகள் இறக்கவில்லை எனினும் வீக்கமும் காய்ச்சலும் கண்டு வருந்தின. அடுத்த நாட்களில், தடுப்பூசி பெற்ற சினையாடு ஒன்று இறந்தது. கருவிலிருந்த குட்டி முன்னரே இறந்ததே அதற்குக் காரணம் என்று அறுத்து ஆய்ந்தோர் கூறினர்.

வெற்றிச் செய்தி நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் நடந்த அனைத்துலக மருத்துவ மாநாட்டில் பாஸ்டர் ஒரு பெயர்சூட்டு விழாவும் நடத்தினார். பசுவம்மைப் பாலை 1796இல் மனிதருக்கு இட்டு வைசூரியைத் தடுத்தவர் எட்வர்டு ஜென்னர். பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘வாக்சின்’ என்னும் பெயரை, ஜென்னரின் நினைவாக, எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்றார். உலகம் ஏற்றது. இன்று குழந்தைக்கு இடும் ஒவ்வொரு தடுப்பூசியின் ஆங்கிலப் பெயருக்குள்ளும் ஒரு பசு நிற்கிறது. அப்பெயர் பொதுமை பெற்ற ஆண்டில் ஓர் ஆட்டு மந்தை நிற்கிறது.

குறிப்பேடுகள் சொன்னவை

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் அழகிய வீரகாவியமாக அமைந்திருக்கும். ஆனால் பாஸ்டரின் ஆய்வகக் குறிப்பேடுகள் அவர் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, 1970களில் ஆய்வாளர் பார்வைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றறிஞர் ஜெரால்டு கைசன் 1995இல் வெளியிட்ட நூல் ஓர் உண்மையைப் பரவலாக அறியச் செய்தது. பண்ணையில் பயன்படுத்தியது பாஸ்டர் பெரிதும் பறைசாற்றிய, காற்றினால் வலுவிழக்கச் செய்த மருந்தன்று. அவருடைய துணையாளர் சார்ல் ஷாம்பெர்லான், பொட்டாசியம் டைகுரோமேட்டு என்னும் வேதிப்பொருளைக் கொண்டு செய்த மருந்து அது. வேதிப்பொருளால் வலுவைத் தணிக்கும் அவ்வழி துசேன் சென்ற வழிக்கு நெருங்கியது. பாஸ்டரின் உறவினரும் ஆய்வகத் துணைவருமான அத்ரியன் லுவார் இதனை 1938இலேயே எழுதியிருந்தார், கேட்பார் குறைவு.

தடுப்பூசியும் எங்கும் தவறாது வென்றதன்று. 1882இல் இத்தாலியின் தூரின் நகரக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஊசியிட்ட ஆடுகளும் இடாத ஆடுகளும் சேர்ந்தே இறந்தன. சோதனைக்கு எடுத்த இரத்தம் வேறு நோய்க்கருவால் கெட்டிருந்தது என்று பாஸ்டர் வாதிட, பூசல் நீண்டது. எனினும் 1894 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பிரான்சில் மட்டும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட செம்மறிகள் தடுப்பூசி பெற்றன. அவற்றுள் அடைப்பானால் மடிந்தவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றன. ஆடுகள் பிழைத்தது உண்மை. பிழைக்க வைத்த மருந்தின் வரலாறு முழுவதும் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை.

இவ்விரண்டையும் ஒருசேரக் கையில் ஏந்தும் துணிவு வரலாறு எழுதுவோர்க்கு வேண்டும். பாஸ்டரைத் தெய்வமாக்குவதும் பிழை. வஞ்சகர் என்று தூற்றுவதும் பிழை. முதற்கதையின் தலைவன் ஒருவனே என்று முடிவு செய்துவிட்டால் துசேனும் ஷாம்பெர்லானும் ஐயம் எழுப்பிய ரோசினியோலும் தாமாகவே கிளைக்கதை மாந்தர் ஆகிவிடுகின்றனர். ரோசினியோல் அறைகூவல் விடுத்திராவிட்டால் புய்யி-லெ-ஃபோர் நிகழ்ச்சியே இல்லை. மெய்யான வினா எழுப்பும் எதிரி, போற்றும் நண்பர் பலரினும் பயன் தருபவன் என்பதை இலக்கியத் திறனாய்விலும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? ஊசி பெறாது இறந்த 24 செம்மறிகளையும் ஒரு வெள்ளாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை நோயால் தற்செயலாய் இறந்தவை அல்ல. மற்றவை வாழும் என்று காட்டுவதற்காகச் சாகவிடப்பட்டவை.

இடைச்சிறுவன் ஒருவன்

மந்தைக்குச் செய்த உதவி நான்கே ஆண்டுகளில் ஓர் இடையனிடமே திரும்பி வந்தது. 1885 அக்டோபரில் ழூரா மலைப்பகுதியைச் சேர்ந்த வில்லே-ஃபார்லே என்னும் ஊரில், வெறிநாய் ஒன்று மேய்ச்சல் சிறுவர் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. அவர்களுள் மூத்தவனாகிய 15 வயது ழான் பத்தீஸ்த் ழுப்பீய், சிறியவர்கள் தப்பி ஓடுமாறு நாயை எதிர்த்து நின்றான். கைகளில் கடிபட்டும் விடாது, சாட்டைக் கயிற்றால் அதன் வாயைக் கட்டி, தன் மரக்காலணியால் அடித்துக் கொன்றான்.

வெறிநாய்க்கடிக்கு அன்று மருந்தில்லை; சாவு ஒன்றே முடிவு. அவ்வாண்டு சூலையில்தான் சோசெப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்குப் பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி இட்டிருந்தார். இரண்டாவதாக அதனைப் பெற்றுப் பிழைத்தவன் இவ்விடைச்சிறுவன். இச்செய்தி பரவியதும் பல நாடுகளிலிருந்தும் கடிபட்டோர் பாரிஸை நாடினர், நன்கொடைகளும் குவிந்தன. 1888இல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நாயோடு போராடும் ழுப்பீயின் சிலை அங்கே இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் அவன் அந்நிலையத்திலேயே வாயிற்காவலனாகப் பணிபுரிந்தான்.

நம் மரபில் இச்சிலைக்கு நடுகல் என்று பெயரிடலாமோ என்று தோன்றுகிறது. மந்தையையும் உடனிருந்தோரையும் காக்க நின்றவனுக்கு எடுத்த கல் அது. வேறுபாடு ஒன்றே: இங்கே வீரன் மாண்டுபோகவில்லை. அவனை வாழவைத்த அறிவு, முன்பு ஆடுகளின் நோயில் கற்ற அறிவு.

தமிழ் மண்ணில்

இப்பயணத்தின் கிளைகள் நம் மண்ணையும் தொட்டுள்ளன. தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் 1907இல் நீலகிரியின் குன்னூரில் தொடங்கப்பெற்று, வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் அளித்தது. 1932இல் இராணிப்பேட்டையில் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான், ஆட்டம்மை முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி செய்து ஊர்தோறும் அனுப்பி வந்துள்ளது. பாஸ்டரின் அடைப்பான் மருந்து இன்று வழக்கில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டிபோர்ட் ஆய்வு நிலையத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் கண்ட வித்துத் தடுப்பூசியே அதன் இடத்தைப் பெற்றது.

மற்றொரு செய்தி நம் நெஞ்சுக்கு இன்னும் அணித்தானது. ஆட்டுக்கொல்லி என்று நம் மக்கள் சொல்லும் நோய் செம்மறியையும் வெள்ளாட்டையும் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சளி எனப் பலவாறு வருத்திக் கொல்வது. ஆப்பிரிக்காவில் 1942இல் முதன்முதல் தனிநோயாக விவரிக்கப்பட்ட அது, இந்தியாவில் 1987இல் இன்றைய விழுப்புரம் வட்டாரத்து அரசூரில் ஒரு மந்தையில் முதலில் இனங்காணப்பட்டது. அங்கே நோயுற்ற ஆடுகளிலிருந்து எடுத்த நச்சுயிரை ஆய்வகத்தில் வலுவிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி உருவாக்கினர். அந்நச்சுயிர் வகைக்கு அறிவியல் உலகில் வழங்கும் பெயர் ‘அரசூர் 87’. மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 2011இல் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பெற்றது. வைசூரிக்குப் பிறகு மாந்தர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. அவ்வரிசையில் ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்பது உலக நாடுகள் 2015இல் வகுத்த திட்டம்.

அரசூர் என்னும் ஊர்ப்பெயர் அறிவியல் ஏடுகளில் நிலைத்துவிட்டது. அம்மந்தையை மேய்த்தவரின் பெயர் அவ்வேடுகளில் இல்லை. போஸ் சமவெளியில் சபிக்கப்பட்ட வயலைச் சுட்டிக்காட்டிய இடையர்களின் பெயர்களும் இல்லை.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் புலனாவன மூன்று. மந்தையின் நோயைத் தனிப்பட்ட ஒருவனின் சிறுதுன்பம் என்று ஒதுக்கியிருந்தால் நுண்ணுயிர்க் கொள்கையும் தடுப்பூசியும் மேலும் காலந்தாழ்ந்தே வந்திருக்கும். அத்துன்பத்தைப் போக்கியவர் ஒருவரல்லர். வயலறிந்த இடையரும், சிற்றூர் மருத்துவரும், புகழ் பெறாத கால்நடை மருத்துவரும், ஐயுற்று வினவியவரும், இறக்க விடப்பட்ட ஆடுகளும் சேர்ந்த ஒரு கூட்டம். மூன்றாவது, இக்கூட்டத்தை ஒரு தலைவனின் கதையாகச் சுருக்கியது எழுத்து. சுருக்கியதை விரிக்க வேண்டியதும் எழுத்தே.

விளையாட்டில் நோயுற்ற மந்தையைக் கடந்து செல்வோன் இழப்பது சில பொற்காசுகள். வரலாற்றில் கடந்து சென்றிருந்தால் இழப்பு எவ்வளவு என்று யார் கணக்கிட வல்லார்? கவிஞர்களின் கண்ணில் இடையன் பெரும்பாலும் குழலோடும் மாலைப்பொழுதோடும் தோன்றுகிறான். அவன் ஆடு தலை தொங்கி நிற்கும் விடியற்காலையும் முல்லைக்குரிய சிறுபொழுதாகட்டும். நிரை கவர்ந்தோரையும் மீட்டோரையும் பாடிய மொழியில், நோயினின்று நிரை மீட்டோர்க்கும் ஒரு துறை பிறக்கட்டும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவியரங்கம் ஒன்றேனும் அத்துறையைப் பாடுமாயின், அரசூரின் பெயரறியா மேய்ப்பருக்கு நாம் எடுக்கும் கல் அதுவாகும்.